கதவில் ஒட்டாத பக்கம்

சிவநாயகிக்குத் தாதியர் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி என்னிடம் வந்தபோது, அது அவருக்கே வந்து ஒரு மணித்தியாலம்தான் ஆகியிருந்தது. சொன்னவர் அவருடைய கணவர் யோகராசா. யோகராசா சுரங்க ரயில் ஓட்டுகிறவர். ரயிலில் அடுத்த நிலையத்தின் பெயரைச் சொல்வது ஒலிப்பதிவுதான். இருந்தாலும் அறிவிக்கிற பழக்கம் இவருக்கு எப்படியோ தொற்றிவிட்டது. அன்று மாலைக்குள் ஒஸ்லோவிலிருந்து திராமன் வரை அதைக் கேள்விப்படாத தமிழர் இல்லை.

நாங்கள் ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். அவர்கள் மூன்றாம் மாடி, நான் கீழ்த்தளம். கேசரியைத் தட்டில் போட்டு மூடிக் கொண்டுவந்தது சிவநாயகிதான்.

“அண்ணை, இன்னும் முழுசாக் கிடைக்கேல்லை” என்றார்.

தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு நான் கேசரியைச் சாப்பிட்டேன். நல்ல நெய் விட்டிருந்தார்கள்.

என் பெயர் இளங்கோ. தபால் பிரிக்கும் இடத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எங்கள் சங்கத்தில் தலைவர் பதவிக்கு வருடாவருடம் மூன்று பேர் அடிபடுவார்கள். என்னுடைய பதவிக்கு மட்டும் போட்டியே கிடையாது. நம்மவர் ஒருவர் இறந்தால் அந்த வீட்டாருக்காக, இறுதிச்சடங்குகளை நடத்தும் மலர்ச்சாலையோடு கதைப்பது, தகனத்துக்கு நேரம் எடுப்பது, ஐயருக்குச் சொல்வது, ஆட்களுக்கு அறிவிப்பது எல்லாம் நான்தான். என் இலக்கம் தொலைபேசியில் தெரிந்தால் சிலர் எடுக்கவே பயப்படுகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, வீண்கதை குறைகிறது.

சிவநாயகிக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டில் கலியாணம் கட்டி இங்கே வந்தவர். முதலில் மொழி வகுப்பு. பிறகு ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. அதே இல்லத்தில் பிறகு உதவியாளர், அதற்கும் பிறகு பரீட்சை எழுதித் தகுதி பெற்ற பராமரிப்பாளர். ஒரே மகள் ராகவி, பேர்கனில் பொறியியலாளராக இருக்கிறாள். இந்த வயதில் இன்னும் என்ன படிப்பு என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். அதற்கு அவர் சொன்ன பதில் இது.

இல்லத்தில் எலியாஸ் என்றொரு கிழவர் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருக்குத் தாங்க முடியாத வலி. எந்த மருந்து, எவ்வளவு என்பது சிவநாயகிக்குத் தெரியும். ஆனால் அந்த மருந்து இருக்கும் அலுமாரியின் திறப்பு தாதியின் இடுப்பில்தான் தொங்கும். அன்று மூன்று மாடிக்கும் ஒரே தாதி, அவரும் வேறொரு மாடியில் வேறொரு நோயாளியோடு நின்றார். அவர் வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது.

“அந்த நாப்பது நிமிசமும் அந்த மனிசன் என்னைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தது, அண்ணை. திறப்பு என்னட்டைத்தான் இருக்கெண்டு நினைச்சிட்டுது.”



தாதியாக மூன்று வருடம் கல்லூரியில் படிக்க வேண்டும். கல்லூரிக்குள் போக மேல்நிலைப் பள்ளியின் கடைசி வருடப் பாடங்கள் வேண்டும். கணிதம், நொர்ஸ்க் என்கிற நோர்வே மொழி, சரித்திரம், விஞ்ஞானம் எல்லாவற்றையும் ஒரே வருடத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளைகளே விழி பிதுங்கும் வருடம் அது. சிவநாயகி வேலையில் விடுப்பு எடுத்து, சனி ஞாயிறு மட்டும் இல்லத்துக்குப் போய்க்கொண்டு, செவ்வாய், புதன், வியாழன் பகலில் வளர்ந்தோர் பள்ளிக்குப் போனார்.

யோகராசாவை நான் எவ்வளவு கேலி செய்தாலும், அந்த ஆவணியில் அவர் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். சமையலறைக் கதவில் தன் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டினார். “ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை சிவநாயகி படிக்கிறா. யாரும் கதைக்க வேண்டாம்.” சமையலையும் தானே ஏற்றார். அவருக்கு மூன்று கறி தெரியும், மூன்றும் பருப்பு. கலியாணம், பிறந்தநாள், அரங்கேற்றம் எல்லாவற்றுக்கும் தனியாகப் போய், “அவ படிக்கிறா” என்று சொல்லிவிட்டு வருவார். எங்கள் ஆட்கள் படிப்பு என்றால் எதையும் மன்னிப்பார்கள், ஒருவரும் குறை சொல்லவில்லை. இங்கே பள்ளியில் ஒன்றிலிருந்து ஆறு வரை எண் போடுவார்கள், ஆறுதான் உச்சம். நத்தார் விடுமுறைக்கு முன் சிவநாயகிக்குக் கணிதத்தில் நான்கு, நொர்ஸ்கில் நான்கு. “அம்மா, கடைசி வருசக்காரர் எல்லாரும் சிவப்பு ஓவரோல் போட்டுக்கொண்டு திரிவினம், உங்களுக்கும் ஒண்டு வாங்கட்டோ?” என்று ராகவி தொலைபேசியில் சீண்டினாளாம்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இங்கே நம் பெண்கள் இறந்தால் கடைசியாக ஒரு நல்ல சேலை உடுத்தி அனுப்ப வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் உள்ள விருப்பம். நிற்கிற பெண்ணுக்குச் சேலை கட்டுவது வேறு, கிடக்கிற உடலுக்குக் கட்டுவது வேறு. மலர்ச்சாலைக்காரர் பக்குவமான ஆட்கள்தான், ஆனால் சேலை அவர்களுக்குத் தெரியாது. வீட்டுப் பெண்களுக்குச் சேலை தெரியும், ஆனால் கை நடுங்கும். சிவநாயகி படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டித் துடைத்து உடுப்பு மாற்றுவதையே இருபது வருடமாகச் செய்பவர். அவர் கொசுவத்தை முதலே மேசையில் மடித்து ஊசி குத்தி வைத்துக்கொள்வார். பத்து நிமிடத்தில், உயிரோடு கட்டியது போலக் கட்டி முடிப்பார். பத்து வருடமாக அந்த வேலைக்கு நான் அவரைத்தான் கூப்பிட்டு வந்தேன்.

அவர் படிக்கத் தொடங்கிய ஐப்பசியில் ஒரு பெண் இறந்தபோது, “அவ படிக்கிறா, கரைச்சல் குடுக்க வேண்டாம்” என்று நானே சொன்னேன். சேலையை மடித்து, உடலின் மேல் போர்வை மாதிரி வைத்து அனுப்பினோம். வீட்டாருக்கு மனக்குறைதான். ஆனால் பொறுத்துக்கொண்டார்கள்.

மாசியில் கல்லூரிக் கடிதம் வந்தது. யோகராசா அதை அச்செடுத்தார். கதவில் இருந்த நேரத்தாளைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்திலேயே கடிதத்தை ஒட்டினார். வருகிறவர்கள் எல்லோரும் வாசித்தார்கள், நானும் வாசித்தேன். “உங்களுக்கு எமது கல்லூரியில் இடம் வழங்கப்படுகிறது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத் தருகிறோம்.” மேலே கல்லூரியின் சின்னமும் நிறத்தோடு இருந்தது.

அன்றோடு அந்த வீட்டின் ஐந்து மணி முதல் எட்டு மணி காணாமல் போய்விட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு பறிக்கவில்லை. “அதுதான் கிடைச்சிட்டுதே” என்று ஒரு வசனம் எல்லோர் வாயிலும் வந்தது, அவ்வளவுதான். யோகராசா பருப்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். வாழ்த்துச் சொல்ல வந்தவர்களுக்குத் தேநீரும் வடையும் வேண்டியிருந்தது. ஆறு மாதமாகப் போகாத வீடுகளுக்கெல்லாம் போக வேண்டியிருந்தது. ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்குப் பயத்தம் பணியாரம் சுட இரண்டு சனிக்கிழமை இரவு, வேலையால் வந்த கையோடு. அவர் சுட்டதில் பத்துப் பணியாரமாவது என் வயிற்றுக்குள் போயிருக்கும். எங்களுக்குப் படிப்பு என்றால் வாசல் வரைக்கும்தான். வாசல் திறந்தது என்று கேள்விப்பட்டால் போதும், ஆள் உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்க மாட்டோம்.

அந்த வசந்த காலத்தில்தான் பெண்களும் அடுத்தடுத்து இறந்தார்கள். பங்குனியிலும் சித்திரையிலுமாக மூன்று பேர்.

நோர்வேயில் செத்தவீடு நம் வசதிக்கு நடப்பதில்லை. இறந்து ஒரு கிழமையோ பத்து நாளோ கழித்து, வாரநாளில், அவர்கள் கொடுக்கும் மணிக்குத்தான். நான் மலர்ச்சாலைக்குத் தொலைபேசி எடுப்பேன். அவர்கள் ஒரு நேரம் சொல்வார்கள். நான் ஓம் என்பேன். பிறகு சிவநாயகிக்கு எடுப்பேன். “கலியாணத்துக்குச் சொன்னால் போகவேணும், செத்தவீட்டுக்குச் சொல்லாமலே போகவேணும்” என்பார்கள். சிவநாயகிக்கு நான் சொல்லியும் விடுகிறேன், அவர் எப்படி மறுப்பார்?

“ஓம் அண்ணை, வாறன். எத்தினை மணிக்கு?”

மூன்று முறையும் இதே பதில்தான். முதலாவது செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி, அன்று அவருக்குக் கணிதச் சோதனை. இரண்டாவது வியாழக்கிழமை, அன்று நொர்ஸ்கில் வாய்மொழிப் பேச்சு. மூன்றாவது புதன்கிழமை, திரும்பவும் கணிதம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். தெரியாததற்குக் காரணம், நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

நொர்ஸ்க் ஆசிரியர் இன்னொரு நாள் கொடுத்தார், அந்தப் பாடம் எப்படியோ தப்பிப் பிழைத்தது. கணிதம்தான் சறுக்கியது. இடையில் எழுதிய ஒரு சோதனையில் இரண்டு வந்தது. பள்ளிக்குப் போகும் ரயிலில் சிவப்பு ஓவரோல் போட்ட பிள்ளைகள் பாட்டுப்பெட்டியோடு ஆடிக்கொண்டு நிற்பார்கள், அவர்களுக்கு நடுவில் இருந்து இவர் நிகழ்தகவுக் கணக்குப் பார்ப்பாராம். ஒன்றும் ஏறவில்லை என்றார். சாப்பாடும் இறங்கவில்லை. வீட்டில் சொல்லவும் வாய் வரவில்லை. யோகராசா அதற்குள் கனடாவில் இருக்கும் தமையனுக்கும் சொல்லி, அவர் அங்கே கோயிலில் அர்ச்சனையும் செய்துவிட்டார்.

ஏப்ரல் முடிகிற நேரம் கணித ஆசிரியை மேரின் அவரைக் கூப்பிட்டுக் கதைத்தார். மேரினுக்கு முப்பது வயது இருக்கும். நடந்ததைச் சிவநாயகி எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன்.

“உங்களுக்கு எண் போட என்னிடம் ஒன்றும் இல்லை” என்றார் மேரின். “மூன்று சோதனையில் இரண்டுக்கு நீங்கள் வரவில்லை. வந்த ஒன்றில் இரண்டு. மே ஆறாம் தேதி, புதன்கிழமை, ஒன்பது மணிக்குக் கடைசிச் சோதனை. அதில் நீங்கள் காட்டுவதை வைத்துத்தான் எண் போடுவேன். அதற்கும் வராவிட்டால் எண்ணே இருக்காது.”

பிறகு, “இறந்தவர்கள் உங்கள் உறவினர்களா?” என்று கேட்டார்.

“இல்லை.”

“சிநேகிதிகளா?”

“இரண்டு பேரை நான் உயிரோடு கண்டதே இல்லை.”

“அப்படியானால் ஏன் போனீர்கள்?”

“சேலை கட்ட வேறு ஆள் இல்லை.”

அது என்ன என்று மேரின் கேட்க, சிவநாயகி விளக்கியிருக்கிறார். “அது பெரிய வேலைதான்” என்றார் மேரின். “ஆனால் அதற்கு நான் கணிதத்தில் எண் போட முடியாது.” நல்ல ஆசிரியை என்றுதான் சிவநாயகியும் சொன்னார், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதே கிழமை வசந்தமலர் அக்கா இறந்தார். எழுபத்துநான்கு வயது, எல்லோருக்கும் வேண்டியவர். மகள் ஆரபி அழுதுகொண்டே எனக்கு எடுத்தாள். நான் மலர்ச்சாலைக்கு எடுத்தேன். மே ஆறாம் தேதி புதன்கிழமை, பதினொரு மணிக்குத் தகனம், ஒன்பது மணிக்கு உடுத்துகிற அறை என்றார்கள். ஓம் என்றேன். சிவநாயகிக்கு எடுத்தேன்.

இந்த முறை பதில் வரச் சுணங்கியது.

“ஓம் அண்ணை” என்றார். கொஞ்சம் பொறுத்து, “வாறன்” என்றார். ரயிலில் நிற்கிறார் போல, சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆரபி கொடுத்த சேலையையும் அதற்குரிய சட்டையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். சட்டையின் பின்பக்கத்தை முதலே வெட்டி வைத்தால்தான் கை நுழைக்கலாம், அது சிவநாயகியின் முறை. யோகராசா கதிரை இழுத்துப் போட்டார். எனக்கு நேரே சமையலறைக் கதவு. தேநீரைக் குடித்துக்கொண்டு அந்தக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில், வலப்பக்க மூலையில், எறும்பளவு எழுத்தில் ஒன்று கண்ணில் பட்டது. ஒன்றின் கீழ் இரண்டு. பக்கம் ஒன்று, மொத்தம் இரண்டு. இருபத்தாறு வருடம் கடிதம் பார்த்த கண் இது. இரண்டரை மாதம் அந்தக் கதவைப் பார்த்தும், அன்றுதான் பட்டது.

“மற்றப் பக்கம் எங்கை?” என்று கேட்டேன்.

“அது சும்மா விபரம், அண்ணை” என்றார் யோகராசா.

சிவநாயகி எழும்பிப் போய்க் கரண்டி வைக்கும் லாச்சியை இழுத்தார். செலோட்டேப்புக்கும் கத்தரிக்கோலுக்கும் கீழேயிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் தந்தார். ஜூன் இருபதாம் தேதிக்குள் கணிதத்திலும் நொர்ஸ்கிலும் குறைந்தது மூன்று எண் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போகும். அவ்வளவுதான் அந்தப் பக்கத்தில் இருந்தது.

“கணக்கிலை இப்ப எத்தினை?”

“ரெண்டு.”

“சோதனை எப்ப?”

“புதன்.”

“எத்தினை மணிக்கு?”

“ஒன்பது” என்றார். சேலைப் பை என் மடியில் இருந்தது.

யோகராசா அந்தத் தாளை என் கையிலிருந்து பறித்து வாசித்தார். முகம் கறுத்துவிட்டது. “உதை ஏனப்பா நீர் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் முதலாம் பக்கத்தை ஒட்டேக்கை நான்தானே பக்கத்திலை நிண்டு செலோட்டேப் வெட்டித் தந்தனான். ரெண்டாம் பக்கம் என்ரை கையிலைதான் இருந்தது. அது என்னெண்டு நீங்கள் கேக்கேல்லை. கேசரி கிண்டச் சொன்னனீங்கள்.” கண் கலங்கிவிட்டது. “எல்லாரும் சந்தோசமா இருக்கேக்கை நான் என்னெண்டு சொல்லுறது? எனக்குப் பயமாக் கிடக்கு. இந்த வயசிலை அந்தச் சின்னப் பிள்ளையளோடை இருந்து படிச்சு, வாசல்வரைக்கும் வந்து விழப்போறன் எண்டு பயமாக் கிடக்கு.”

எனக்கு வெட்கமாக இருந்தது. இதை வேறு வார்த்தையில் பூசி மெழுக விருப்பமில்லை. கேசரி தந்த அன்றே “முழுசாக் கிடைக்கேல்லை” என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர்.

“நீர் புதன்கிழமை வரவேண்டாம்” என்றேன். “சேலையை மடிச்சு மேலை வைப்பம்.”

“ஐப்பசியிலை அப்பிடித்தான் வைச்சனீங்கள் எண்டு கேள்விப்பட்டனான். எனக்கு அண்டையிலையிருந்து மனம் சரியில்லை.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அண்ணை, வேறை நேரம் இருக்கோ எண்டு அவையிட்டைக் கேட்டனீங்களோ?”

“அவை தாற நேரந்தானே, தங்கச்சி.”

“அவை தாறது தெரியும். நீங்கள் கேட்டனீங்களோ?”

ஆறிப்போயிருந்த தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழும்பினேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மலர்ச்சாலைக்கு எடுத்தேன். எடுத்தவர் லீசா, ஐந்து வருடமாக என்னோடு கதைப்பவர். தகனம் புதன்கிழமையே இருக்கட்டும், உடுத்துகிறதை மட்டும் வேறு நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று, ஏதோ களவுக்குப் போகிறவன் போல இழுத்து இழுத்துக் கேட்டேன்.

“முடியுமே. செவ்வாய்க்கிழமை மூன்று மணி சரியா?” என்றார் லீசா. முழுதாகப் பத்து விநாடி பிடிக்கவில்லை.

“இப்படி மாற்றலாமா?”

“ஏன் மாற்றக் கூடாது? நாங்கள் முதலில் சொல்வது எங்களுக்கு வசதியான நேரம். உங்களுக்கு வசதி இல்லாவிட்டால் சொல்வீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.”

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அலுவலகக் கருமபீடத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எதைத் தந்தாலும் வாங்கி, நன்றி சொல்லி, சத்தமில்லாமல் திரும்பி வருவதே மரியாதை என்று பழகிவிட்டேன். என்னைப்போல்தான் எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர். கரைச்சல் குடுக்காத ஆள் என்று எனக்குள்ளே ஒரு பெருமையும் இருந்தது. நான் அழாமல் இருந்து நல்ல பெயர் எடுக்க, பால் இல்லாமல் நின்றது சிவநாயகி. மூன்று தொலைபேசி அழைப்பில் ஒரு கேள்வி, பத்து விநாடி. அதைத்தான் நான் செய்யாமல் விட்டேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து சிவநாயகி நேரே மலர்ச்சாலைக்கு வந்தார், முதுகில் பள்ளிப் பை. உள்ளே அவரும் ஆரபியும் மட்டும். நான் வெளியே நடைவழியில் கதிரையில் இருந்தேன். கதவு சற்றுத் திறந்திருந்தது.

“அக்கா, இப்ப உங்களை இடப்பக்கமாத் திருப்பப் போறன்” என்று சிவநாயகியின் குரல் கேட்டது. பிறகு, “கையை இஞ்சாலை எடுக்கிறன், அக்கா. இந்தா, முடிஞ்சுது.” முதியோர் இல்லத்தில் கிடப்பவர்களோடு எப்படிக் கதைப்பாரோ, அப்படியே. செய்யப் போவதை முதலே சொல்லிவிட்டுச் செய்வது. ஆரபி விம்முவதும் கேட்டது, கொஞ்சத்தில் அதுவும் அடங்கியது.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். மாம்பழ நிறச் சேலை, மடிப்பு ஒன்றும் பிசகவில்லை. வசந்தமலர் அக்கா எங்கேயோ கலியாணத்துக்குப் புறப்பட்டு, நேரம் இருக்கிறதென்று சற்றுச் சரிந்து கிடப்பது போல இருந்தார்.

சிவநாயகி முழங்கை வரை கை கழுவினார். பையைத் திறந்து கணிதப் புத்தகத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“காரிலை கொண்டுபோய் விடுறன்” என்றேன்.

“வேண்டாம் அண்ணை. ரயிலிலை போனா இருவது நிமிசம் கிடைக்கும்.”

அவர் போன பிறகு ஆரபி கேட்டாள், “நாளைக்கு வருவாவோ?” வரமாட்டா, சோதனை என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மற்றவர்களுக்குத் தேவைப்பட்டது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. புதன்கிழமை தகனச்சாலை வாசலில் குறைந்தது ஆறு பேர் என்னைக் கேட்டார்கள். “சிவநாயகி வரேல்லையோ? மலரக்காவின்ரை செத்தவீட்டுக்குமோ?” சோதனை என்றேன். “அதுதான் கிடைச்சிட்டுதெண்டு சொன்னவை?” என்று ஒரு பெண் இழுத்தார். என் பக்கத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து நின்ற யோகராசா, தன் அறிவிப்புக் குரலில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “கிடைச்சது முதலாம் பக்கந்தான். ரெண்டாம் பக்கத்தை இண்டைக்குத்தான் எழுதுறா.” யாருக்கும் விளங்கியிருக்காது. எனக்கு அவர்மேல் அன்று வந்த மரியாதை இன்னும் குறையவில்லை. ஞாயிறு இரவே அவர் அந்தத் தாளையும் கதவில் ஒட்டிவிட்டார் என்பதும், வீட்டில் திரும்பவும் பருப்பு என்பதும் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் சிவநாயகியை நான் அதிகம் காணவில்லை. படியில் கண்டபோதும் சோதனை எப்படி என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டு ஒரு பிழை செய்த மனிதன், கேட்டு இன்னொரு பிழை செய்துவிடுவேனோ என்று பயந்தேன்.

ஜூன் நடுப்பகுதியில் ஒரு நாள், காலை பத்து மணியளவில் தொலைபேசி அடித்தது. சிவநாயகியின் இலக்கம். எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே வகை என்பதால், தொலைபேசிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தாளும் பேனாவும் இருக்கும். பெயர், திகதி, மணி. கை தன்பாட்டில் பேனாவை எடுத்துக்கொண்டது.

“அண்ணை, எண் வந்திட்டுது. நொர்ஸ்க் நாலு. கணக்கு மூண்டு.”

நான் அதை எழுதினேன். நான்கு. மூன்று. எழுதிவிட்டு, “மூண்டு போதுமெல்லோ?” என்று கேட்டேன். எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்டேன்.

“மட்டுமட்டாப் போதும்” என்றார். பிறகு சிரித்தார். பிறகு அழுதார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாசியில் சாப்பிட்ட கேசரி அன்றுதான் செரித்தது.

“இவர் வேலையிலை நிக்கிறார், இன்னும் சொல்லேல்லை. உங்களுக்குத்தான் முதல் எடுத்தனான்” என்றார். “ஒண்டு சொல்லவேணும், அண்ணை.”

“சொல்லும்.”

“இனியும் ஆருக்கும் எண்டாலும் நான் வருவன். கல்லூரி தொடங்கினாப் பிறகும் வருவன். ஆனா நேரத்துக்கு ஓம் சொல்ல முதல் என்னை ஒருக்காக் கேளுங்கோ.”

கேட்கிறேன் என்றேன். தாளில் அந்த இரண்டு எண்களுக்குக் கீழே அதையும் எழுதி வைத்தேன்.